வரையத் தெரியாதவர் நவீனக் கலை வரலாற்றை முதுகலையில் படிக்கலாமா?

கேள்வி கேட்பவர்: கொழிஞ்சாம்பாறை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். 12 ஆம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது பாலக்காட்டில் இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். பாடப்புத்தகம் ஆங்கிலத்திலும் வகுப்பில் விளக்கம் மலையாளத்திலும் இருக்க, குறிப்பை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டு வீடு திரும்புவது என் வழக்கம். எல்லைப் பகுதியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கல்லூரித் தோழிகளோடு ஒருமுறை கொச்சி பினாலேவுக்கு, அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சமகாலக் கலைக் கண்காட்சிக்கு, சென்றிருந்தேன். ஆஸ்பின்வால் மாளிகையின் பழைய கிடங்குகளில் ஓர் அறையில் ஓவியமும் இல்லை, சிற்பமும் இல்லை. தரையில் மண் கொட்டியிருந்தது, இருட்டில் ஒரு காணொளி ஓடிக்கொண்டிருந்தது. உடன் வந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிட்டார்கள். எனக்கோ, யாரோ என்னை ஏமாற்றுகிறார்கள் என்ற கோபம் வந்தது. அந்தக் கோபம் மாதக்கணக்கில் தீராமல் இருந்து, இதைக் கலை என்று முதலில் சொன்னவர் யார், அதற்கு முன் கலை என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அந்த மாற்றம் எப்போது நடந்தது என்னும் கேள்விகளாக மாறிவிட்டது. தேடிப் பார்த்தபோதுதான் கலை வரலாறு என்று தனியாக ஒரு பல்கலைக்கழகப் படிப்பு இருப்பதே எனக்குத் தெரிந்தது.

ஒரு நுண்கலைக் கல்லூரியின் அலுவலகத்தில் விசாரித்தபோது, நான் வரைந்த படங்களைக் கொண்டு வரச் சொன்னார்கள். எனக்கு வரையத் தெரியாது என்றதும், அப்படியானால் இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அது உண்மைதானா? நவீனக் கலை, சமகாலக் கலை என்று இரண்டாகப் பிரிக்கிறார்களே, அந்தப் பிரிவின் கோடு எங்கே விழுகிறது? என்னைப்போல ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் அந்த வகுப்பில் தாக்குப்பிடிக்க முடியுமா?

அப்பா வேலந்தாவளம் சந்தையில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். படித்து முடித்தபின் எந்த வேலையில் போய் உட்காருவாய் என்று அவர் கேட்டதில் தடை எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: தத்தமங்கலத்துக்காரர்

தங்கைக்கு வணக்கம். நான் பரோடாவில் கலை வரலாறு படித்தவன். எனக்கும் வரையத் தெரியாது. அந்த அலுவலகத்தில் உங்களை ஓவியப் படிப்புக்கு வந்தவர் என்று நினைத்திருக்க வேண்டும். கேரளத்து நுண்கலைக் கல்லூரிகளில் பொதுவாக ஓவியம், சிற்பம், பயன்பாட்டுக் கலை ஆகியவையே பட்டங்கள்; கலை வரலாறு அவற்றுக்குள் ஒரு தாளாக வந்துபோகும். நீங்கள் தேடுவது கலை வரலாற்றையே பட்டமாகத் தரும் துறையை. அங்கே கேட்கப்படுவது பார்க்கவும் படிக்கவும் எழுதவும் உள்ள பழக்கம்தான். இளங்கலை வரலாற்றில் கல்வெட்டையும் ஆவணத்தையும் சான்றாக வைத்து வாதிடக் கற்றிருப்பீர்கள். இங்கே முதல் சான்று ஓவியமோ சிற்பமோ நீங்கள் கோபப்பட்ட அந்த மண் தரையோ ஆகும்.

வகுப்பு எப்படி நடக்கும் என்று சொன்னால் பாதிச் சந்தேகம் தீரும் என்று நினைக்கிறேன். இருட்டறையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி ஒப்பிடுவது இத்துறையின் பழைய வழக்கம். ஹைன்ரிக் வோல்ஃப்லின் போன்ற ஆசிரியர்கள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றச் செய்த முறை அது. அன்று இரண்டு விளக்குப் பெட்டிகள், இன்று ஒரு மடிக்கணினி, வேறுபாடு அவ்வளவுதான். எங்களுக்கு முதல் வாரத்தில் காட்டிய இணை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு பக்கம் ரவி வர்மாவின் சகுந்தலை: காலில் முள் தைத்ததாகப் பாவனை செய்து, துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கிறாள். மறுபக்கம் அபனீந்திரநாத் தாகூர் 1905 இல் நீர்வண்ணத்தில் தீட்டிய பாரதமாதா: காவி உடை, நான்கு கைகள், சுற்றிலும் கரைந்துபோன மங்கலான வெளி. எது அழகு என்று ஆசிரியர் கேட்கவில்லை. முதல் படத்தில் எண்ணெய்ச் சாயம் துணியின் மடிப்பையும் தோலின் பளபளப்பையும் எதற்காக அவ்வளவு கவனமாகக் காட்டுகிறது, இரண்டாவது படம் அவற்றையெல்லாம் எதற்காகக் கைவிடுகிறது என்று கேட்டார். பிறகுதான் வரலாறு வந்தது. ரவி வர்மா வாழ்ந்த காலத்தில் அந்த ஐரோப்பியத் திறனுக்காகவே கொண்டாடப்பட்டார். பின்னர் அதே திறனுக்காக, இந்தியத்தன்மை இல்லாதவர் என்று விவேகானந்தரின் சீடர் சகோதரி நிவேதிதாவும் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் அவரைக் கண்டித்தார்கள். நிவேதிதா பாரதமாதா படத்தை வாயாரப் புகழ்ந்தார். ஓவியம் மாறவில்லை, அதைப் பார்த்த கண்களுக்குப் பின்னால் அரசியல் மாறிவிட்டது. நவீனம் என்ற சொல் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டு அவரிடமிருந்தே பறிக்கப்பட்ட கதை இது, அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இங்கிருந்தே வரலாம்.

நவீனத்துக்கும் சமகாலத்துக்கும் இடையே எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கோடு கிடையாது. ஐரோப்பியப் பாடத்திட்டம் பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரெஞ்சு ஓவியர் மனே போன்றவர்களிடம் தொடங்கி, 1960களில் நவீனத்தை முடித்துக்கொள்ளும். நம் நாட்டில் சிலர் ரவி வர்மாவிலிருந்தும், சிலர் அபனீந்திரநாத்தின் வங்காளத்திலிருந்தும், வேறு சிலர் 1940களின் குழுக்களிலிருந்தும் எண்ணுவார்கள்: 1943 இல் கல்கத்தாக் குழு, 1944 இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம், 1947 இல் பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழு. சாந்திநிகேதனின் கலையைப் பற்றி எழுதிய ஆர். சிவகுமார், அங்கே நடந்ததைச் சூழல்சார்ந்த நவீனத்துவம் என்று தனியாகப் பெயரிட்டார். ஐரோப்பாவில் நடந்ததன் தாமதமான நகல் என்று அதை எண்ணக்கூடாது என்பதே அவருடைய வாதம். சமகாலம் என்று வரும்போது, இந்தியாவில் 1990களைப் பலரும் திருப்பமாகக் கொள்கிறார்கள். பம்பாய்க் கலவரத்தில் தெருவில் இறந்துகிடந்த ஒருவரின் செய்திப் புகைப்படத்தை வைத்து விவான் சுந்தரம் 1993 இல் ஒரு நினைவுக்கூடத்தையே நிறுவல் கலையாக, அதாவது பொருள்களை ஓர் இடம் முழுவதும் வைத்து உருவாக்கும் படைப்பாக, அமைத்தார். ஒரு சட்டத்துக்குள் அடங்கும் ஓவியம் அந்தச் சாவைத் தாங்காது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்தான். நீங்கள் பார்த்த மண் தரைக்கு இப்படி ஒரு முன்கதை உண்டு. முன்கதை இருப்பதால் அது நல்ல படைப்பாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் கோபம் சரியாகவே இருக்கலாம், ஆனால் அதை இனிமேல் நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கேரளத்திலேயே இன்னொரு முன்கதையும் இருக்கிறது. 1987 இல் பரோடாவில் கண்காட்சி நடத்திய தீவிர ஓவியர் சிற்பிகள் சங்கத்தில் பெரும்பாலோர் மலையாளிகள். குட்டிப்புறத்தில் பிறந்த சிற்பி கே. பி. கிருஷ்ணகுமார் அதன் நடுநாயகம். கலை வெறும் சந்தைச் சரக்காவதை எதிர்த்த அவர்களுடைய சங்கம் 1989 இல் அவருடைய மரணத்தோடு கலைந்தது. அந்தச் சங்கத்தில் அன்று எழுத்தாளராகவும் விமர்சகராகவும் இருந்த அனிதா துபேதான் பின்னாளில், 2018 இல், கொச்சி பினாலேவைத் தொகுத்து அமைத்தவர். ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் சந்தை எதிர்ப்பும் பினாலேவும் எப்படி அடங்கின என்பது தனியாக ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். ஆங்கிலம் தேவைதான், அதை மறைக்க மாட்டேன். முதல் ஆண்டில் ஒரு கட்டுரையை மூன்று முறை படித்தால்தான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. தமிழும் மலையாளமும் இரண்டையும் படிக்கிறீர்கள். சென்னைக் கலைக் கல்லூரியின் வரலாறு இந்த இரண்டு மொழிகளில் சிதறிக் கிடக்கிறது. 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளிக்கு 1929 இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையேற்றார். 1957 இல் கே. சி. எஸ். பணிக்கர் வந்தார். பணிக்கர் 1911 இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தவர். அவரிடம் படித்த மலையாள ஓவியர்களில் எம். வி. தேவனும் நம்பூதிரியும் மாத்ருபூமி வார இதழில் வரைந்தார்கள். தமிழ் ஓவியர்களில் ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கு வரைந்தார். ஒரே கல்லூரியின் பிள்ளைகள் இரண்டு மொழிகளின் வாசகர்களுக்குக் கோட்டோவியத்தைப் பழக்கினார்கள். தில்லியில் இருந்துகொண்டு எழுதுகிறவர் இந்த இரண்டு மொழி இதழ்களையும் ஒருசேரப் புரட்டிப் பார்ப்பது அரிது. 1963 முதல் பணிக்கர் வரைந்த சொற்களும் குறியீடுகளும் வரிசையில் மலையாள எழுத்துப்போல ஒன்று ஓடும். படிக்கப்போனால் படிக்க முடியாது. அதை வெறும் அலங்காரமாகக் கடந்துபோகிறவருக்கும், எழுத்தைத் தேடி ஏமாறுகிறவருக்கும் அந்த ஓவியம் ஒன்றாக இருக்காது. நீங்கள் இரண்டாவது வகை.

முடிவெடுப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். மலம்புழைக்குச் சென்று சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் யக்ஷி சிலையை ஒரு மணிநேரம் பாருங்கள். யாருடைய கருத்தையும் படிக்காமல், பார்த்ததை மட்டும் ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். அந்த ஒரு பக்கம் உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் இந்தப் படிப்பு வேண்டாம்.


பதில்: மீனாட்சிபுரம் ஆசிரியை

மேலே எழுதியவர் படிப்பின் சுவையைச் சொல்லிவிட்டார். அப்பாவின் கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா? நான் ஒரு கல்லூரியில் கலை வரலாற்றுத் தாள் எடுக்கிறேன்.

முதலில் எங்கே படிப்பது. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950 இல் தொடங்கியது; கலை வரலாறும் அழகியலும் அங்கே தனித் துறை. சாந்திநிகேதனின் கலாபவனத்திலும் கலை வரலாற்றுக்குத் தனித் துறை உண்டு. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை மற்றும் அழகியல் புலத்தில் முதுகலை இருக்கிறது. அங்கே ஓவியத்தோடு நாடகம், திரைப்படம் ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும், சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கும். பக்கத்தில் வேண்டுமென்றால் பெங்களூரு சித்ரகலா பரிஷத்தையும், பெண் என்பதால் சென்னை ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியின் நுண்கலைத் துறையையும் பாருங்கள். பட்டத்தின் பெயரைக் கவனமாகப் படிப்பது முக்கியம். காட்சிக்கலை முதுகலை, நுண்கலை முதுகலை என்று பெயர் இருந்தால் சில இடங்களில் அதே துறையின் இளங்கலையைக் கேட்பார்கள். வெறும் முதுகலை என்று இருந்தால் வரலாற்றுப் பட்டதாரிக்குக் கதவு திறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வோர் ஆண்டின் சேர்க்கை அறிக்கையையும் நீங்களே படியுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னார் என்று விண்ணப்பித்து ஓராண்டை இழந்த மாணவியை எனக்குத் தெரியும்.

வேலையைப் பற்றி இனிப்பாகச் சொல்ல மாட்டேன். கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் நெட் தேர்வில் 79 ஆம் எண்ணுள்ள காட்சிக்கலைத் தாளை எழுத வேண்டும். அதில் கலை வரலாற்றுக்கென விருப்பப் பகுதி உண்டு. தகுதி பெற்றாலும் நிரந்தர இடங்கள் குறைவு, அவையும் அடிக்கடி நிரப்பப்படுவதில்லை. அருங்காட்சியகங்களில் காப்பாளர் பணி, தனியார் கலைக்கூடங்களில் கண்காட்சித் தொகுப்புப் பணி, கலைஞர் குடும்பங்களிடம் இருக்கும் கடிதங்களையும் புகைப்படங்களையும் வகைப்படுத்தும் ஆவணப் பணி, ஏல நிறுவனங்களில் ஓர் ஓவியம் யார் யார் கைமாறி வந்தது என்று சரிபார்க்கும் பணி ஆகியவை உண்டு. இவை பெரும்பாலும் தில்லி, மும்பை, பெங்களூரு நகரங்களில்தான். ஏல நிறுவனப் பணிக்குச் சட்டமும் காரணம்: 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின் கீழ், ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், நந்தலால் போஸ், ஜாமினி ராய் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டுள்ளதால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. விலை உயர்ந்த இடத்தில் போலியும் வரும். அதைக் கண்டுபிடிக்க ஆளும் வேண்டும். அப்பாவிடம் கணக்குப் பேரேட்டை உவமையாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு சரக்கு எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, யார் கைக்குப் போனது என்று அவர் நாள்தோறும் எழுதுவதைப் போன்றதே அந்த வேலை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சம்பளம் மண்டிக் கணக்கரின் சம்பளத்தைவிட அதிகமாக இருக்காது என்பதையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

தத்தமங்கலத்துக்காரர் சொன்ன பெயர்ப்பட்டியலில் ஒரு பெண் ஓவியர்கூட இல்லை என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. பெரிய பெண் கலைஞர்கள் ஏன் இல்லை என்று அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நோக்லின் 1971 இல் கேட்டார். பெண்களுக்குத் திறமை இல்லை என்றும் அவர் சொல்லவில்லை, ஒளிந்திருக்கும் பெயர்களைத் தேடியெடுத்தால் போதும் என்றும் சொல்லவில்லை. யாருக்குப் பயிற்சி கிடைத்தது, நிர்வாண மாதிரியை வரையும் வகுப்புக்குள் யாரை அனுமதித்தார்கள், யாருக்கு நேரம் இருந்தது என்று அமைப்புகளை நோக்கிக் கேள்வியைத் திருப்பினார். அதை இங்கே கொண்டு வாருங்கள். பொன்னானிப் பக்கத்தில் 1940 இல் பிறந்த டி. கே. பத்மினி, சென்னையில் பணிக்கரிடம் படித்து, பெண் உடலைத் தன் கண்ணால் வரைந்து, 1969 இல் பிரசவத்தின்போது இறந்துபோனார். வயது முப்பதைத் தொடவில்லை. அவருடைய காலத்து ஆண் ஓவியர்கள் பலர் தங்கள் சிறந்த வேலைகளை நாற்பதுக்குப் பிறகு செய்தார்கள். நீங்கள் வரலாறு படித்தவர், இதை வெறும் துயரக் கதையாக எழுத மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பணம் செலவில்லாமல் தொடங்க ஒரு வழி: ஹாங்காங்கில் இருக்கும் ஏஷியா ஆர்ட் ஆர்க்கைவ் என்ற ஆவணக்காப்பகம், பரோடா ஓவியர்களின் ஆவணங்களையும், கலை விமர்சகர் கீதா கபூர், விவான் சுந்தரம் இருவருடைய ஆவணங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. கைபேசியிலேயே படிக்கலாம். நூலைப் படிப்பதற்கு முன் ஓர் ஓவியரின் கண்காட்சி அழைப்பிதழையும் கடிதத்தையும் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால், ஆங்கிலத்தைப் பற்றிய அச்சமும் கொஞ்சம் குறையும். கடித ஆங்கிலம் கட்டுரை ஆங்கிலத்தைவிட எளியது.


பதில்: நகரி அச்சகத்தார்

நான் ஆந்திரப் பக்கம், நகரியில் இருக்கும் தமிழன். இளமையில் சிவகாசியில் அச்சு வேலை பார்த்தவன், பட்டப்படிப்பு இல்லை. இருந்தாலும் ஒரு மறுப்பைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. வரையத் தெரிய வேண்டாம் என்று மேலே எளிதாகச் சொல்லிவிட்டார்கள். நன்றாக வரைய வேண்டாம், சரி. ஆனால் சாயம் எப்படி ஒட்டுகிறது, கல் எப்படி மையை வாங்குகிறது என்று கைக்குத் தெரியாமல் படத்தைப் பற்றி எழுதினால் அது பாதி எழுத்து.

ரவி வர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1894 இல் பம்பாயில் அவர் அச்சகம் வைத்தார். கல்லச்சு என்பது சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு கலந்த மைக்கோலால் வரைவது. கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளி மையைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் நீரும் சேராது என்பதுதான் மொத்த ரகசியம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சரஸ்வதியின் முகத்துக்கு மட்டும் எத்தனை நிறம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை கல்லிலும் புள்ளி புள்ளியாகக் கையால் வைத்தவர் ரவி வர்மா இல்லை, பெயர் தெரியாத கல் ஓவியர்கள். அப்படியானால் நம் பாட்டி பூசையறையில் வைத்து வணங்கிய சரஸ்வதி யாருடைய கலை? இது பல்கலைக்கழகக் கேள்வி இல்லையா?

அச்சகங்களில் புள்ளியைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ் வைத்திருப்போம். அதை ஒன்று வாங்கி, வீட்டில் உள்ள பழைய சாமி படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோல இருந்தால் கல்லச்சு. வரிசை வரிசையாக, பூப்போலக் கூடி நின்றால் பின்னால் வந்த இயந்திர அச்சான ஆஃப்செட். சட்டத்தின் வயதையும் கண்ணாடியின் அழுக்கையும் வைத்துப் படத்துக்கு வயது சொல்கிறவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான். கோவில்பட்டியில் இருந்துகொண்டு நாட்காட்டிகளுக்கு முருகனையும் மீனாட்சியையும் வரைந்த கொண்டையராஜு, சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர்தான். அவர் 1976 இல் இறந்தார். பணிக்கர் இறந்தது 1977 இல். ஒரே பள்ளியில் படித்த இருவரில் ஒருவர் பாடத்திட்டத்தில் இருக்கிறார், மற்றவர் தேநீர்க்கடைச் சுவரில் இருக்கிறார். அந்தச் சுவரையும் பாடமாக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது, ஆனால் அச்சுத் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டார்களா?


பதில்: தத்தமங்கலத்துக்காரர்

நகரி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். தேவையில்லை என்று நான் எழுதியது சேர்க்கைக்குத்தான். பரோடாவில் எங்கள் துறை ஓவிய, சிற்ப, அச்சுக்கலைப் பட்டறைகளுக்கு நடுவில்தான் இருந்தது, மதியத்தில் அங்கே போய் நிற்காதவர்களின் கட்டுரைகள் வறண்டுதான் இருந்தன. அங்கே பல்லாண்டு கற்பித்த கே. ஜி. சுப்பிரமணியன், கூத்துப்பறம்பில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நடுவில் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்துவிட்டு வந்தவர். நெசவாளரையும் குயவரையும் ஓவியரையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசியவர் அவர். ஆசிரியை அம்மையார் சுட்டிய குறையும் நியாயமானது. நிவேதிதா, அனிதா துபே என்று இரண்டு பெண்களின் பெயர்கள் வந்தன, ஆனால் ஓவியர்களாக இல்லை.


கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை மாணவி

அண்ணாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் நகரி ஐயாவுக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலம்புழைக்குச் சென்றேன். ஒரு மணிநேரம் என்று சொன்னீர்கள்; இரண்டரை மணிநேரம் ஆகிவிட்டது. எழுதியதில் ஒரு பகுதியை இங்கே தருகிறேன்.

யக்ஷி கால்களை அகற்றி அமர்ந்திருக்கிறாள். உடலில் ஆடை இல்லை. முகம் மேல்நோக்கி உயர்ந்திருப்பதால், கீழே நின்று எவ்வளவு முயன்றாலும் அவளுடைய பார்வையை நாம் சந்திக்க முடியவில்லை. வந்தவர்களையும் கவனித்தேன். குடும்பத்தோடு வந்தவர்கள் அருகில் வந்ததும் நடையை விரைவாக்கினார்கள்; இளைஞர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள்; ஒரு பாட்டி மட்டும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். எங்கள் ஊர்க் கதைகளில் யக்ஷி பனையில் இருப்பாள், இரவில் அழகிய பெண்ணாக வழியில் நின்று சுண்ணாம்பு கேட்பாள். கதையில் அவளுக்கு மாறுவேடம் வேண்டும், ஏனென்றால் ஆணை ஏமாற்ற வேண்டும். இந்தச் சிற்பத்தில் மாறுவேடம் இல்லை. ஏமாற்ற யாரும் தேவையில்லை என்பதுபோல அமர்ந்திருக்கிறாள். 1969 இல் 30 அடி உயரத்தில் இப்படி ஒரு பெண்ணை அணைக்கட்டுப் பூங்காவில் வைக்க அரசு எப்படி ஒப்புக்கொண்டது என்பதுதான் எனக்கு இப்போது தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

அப்பாவிடம் பேரேட்டு உவமையைச் சொன்னேன். சம்பளத்தைப் பற்றியும் சொன்னேன். தேர்வுக்கு விண்ணப்பிக்கப் பணம் தந்திருக்கிறார். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். வீட்டுச் சாமி படங்களில் இரண்டு ஆஃப்செட்; லட்சுமி மட்டும் மணல் தூவியதுபோல இருக்கிறது.

என் சந்தேகம் இது: யக்ஷியை நான் எந்தப் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்?


பதில்: தத்தமங்கலத்துக்காரர்

சாந்திநிகேதன் சிற்பி ராம்கிங்கர் பெய்ஜின் யக்ஷியோடு வையுங்கள். தில்லியில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாசலில், யக்ஷனுக்கு இணையாக அவள் நிற்கிறாள். 1960களில் முடிந்த வேலை. அவளும் ஆடையில்லாதவள், அவளுக்கும் நாடாளுமன்றம்வரை எதிர்ப்பு எழுந்தது. இரண்டிலும் செலவு செய்தது பொதுப்பணம். ஒருத்தி கல்லில் நின்று வங்கியைக் காக்கிறாள், மற்றவள் கான்கிரீட்டில் அமர்ந்து யாரையும் காக்கவில்லை. செல்வத்தைக் காக்கும் பழைய யக்ஷி எது, சுண்ணாம்பு கேட்கும் நம் ஊர் யக்ஷி எது என்று பிரித்துவிட்டு ஒப்பிடத் தொடங்குங்கள். இருவரையும் ஒரே பெயர் இணைப்பதில் ஏமாந்துவிட வேண்டாம்.

இன்னொன்று. 30 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது படித்ததா, பார்த்துக் கணித்ததா? படித்தது என்றால் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் உயரத்தைப்போல எத்தனை மடங்கு என்று நின்று பார்த்து எழுதுங்கள். லட்சுமி படத்தின் கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும், சட்டத்தைக் கழற்றினால்தான் தெரியும். அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.